பிழை சிக்னலில இல்லை

"ஏன் தம்பி ரெண்டு தரம் அமத்தினனீங்கள்?"

ஒரு நிறுவனத்தின் கருமபீடத்தில் எங்களில் ஒருவனிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. பாடநெறி ஒன்றுக்கு ஒன்லைனில் விண்ணப்பித்தவன். படிவத்தை நிரப்பி, காசு கட்டும் பட்டனை அமத்தியிருக்கிறான். வட்டம் சுத்தத் தொடங்கினது. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். சிக்னல் ஒரு கோட்டில நிக்குது. போனதா இல்லையா என்று சொல்ல அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. திரும்பவும் அமத்தினான். ரெண்டு விண்ணப்பம், ரெண்டு தரம் காசு. ஒன்றைத் திரும்ப வாங்க ஒன்றரை மாதம் அலைந்தான்.

கேள்வியே பிழை என்கிறோம் நாங்கள். ஒரே ஆளின் ஒரே விண்ணப்பம் ரெண்டு தரம் வந்தால் அது ஒன்றுதான் என்று உங்கட சேர்வருக்கு ஏன் விளங்கேல்ல? இதைத்தான் அங்கே யாராவது கேட்டிருக்க வேண்டும். ஆனால் யாரும் கேட்பதில்லை. எழுதினவர் "சிக்னல் பிரச்சினை" என்பார். பாவித்தவர் "என்ர அவசரம்தான்" என்று தன்னையே நொந்துகொள்வார். அதோடு கதை முடிந்துவிடும்.

மற்றவர்களை மட்டும் திட்ட நாங்கள் வரவில்லை. எங்கட பிழையையும் சொல்லிவிடுகிறோம். வாசிப்பு வட்டத்துக்கென்று நாங்களே ஒரு சின்ன அரட்டைப் பெட்டி எழுதினோம். இரண்டு கிழமை நன்றாக ஓடியது. ஒருநாள் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து அனுப்பப்பட்டன. முதலாவது: "சனிக்கிழமை கூட்டம் மூன்று மணிக்கு." இரண்டாவது: "இல்லை, அது அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போச்சு." பெட்டியில் விழுந்தது தலைகீழாக. முதலில் "தள்ளிப்போச்சு", அதற்குக் கீழே "மூன்று மணிக்கு". கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த தோழி பூட்டின கதவுக்கு முன்னால் நின்று போன் எடுத்தா. நாங்கள் அவவுக்குச் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நெற்வேர்க் பிரச்சினை போல."

நெற்வேர்க் பிரச்சினை இல்லை. நாங்கள் எழுதிய கோட்தான் பிரச்சினை. நெற்வேர்க் தன் இயல்புப்படி நடந்தது. அந்த இயல்பு எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அடிப்படையிலிருந்து வருவோம். எச்.ரி.ரி.பி என்பது ஒருவழிக் கேள்வி முறை. பிரவுசர் கேட்கும், சேர்வர் பதில் சொல்லும். சேர்வர் தானாக முன்வந்து உங்களைக் கூப்பிடாது. சங்கக்கடை மாதிரி. மா வந்ததா என்று அறிய நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். கடைக்காரர் உங்கட வீட்டுக்கு வந்து சொல்லமாட்டார்.

அரட்டை என்பதோ இருவழி விசயம். உங்களுக்கு ஒரு செய்தி வந்தால், நீங்கள் கேட்காமலே அது உங்களிடம் வர வேண்டும். ஒருவழி முறைக்கு மேலே இருவழிப் பேச்சை எப்படி நடத்துவது?

முதல் வழி, திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது. எங்கட வகுப்புகளில் சொல்லித் தருவதும், பெரும்பாலான யூடியூப் பாடங்களில் இருப்பதும் இதுதான். ஜாவாஸ்கிரிப்றில் ஒரு செற்இன்ரேவல் போட்டு, ஒவ்வொரு செக்கனும் "ஏதாவது இருக்கா?" என்று கேள். நாலு வரியில் முடிந்துவிடும். கணக்கையும் பார்ப்போம். ஒரு நாளைக்கு 86,400 செக்கன். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் தலைப்புத் தகவல்கள், குக்கி எல்லாம் சேர்த்து 800 பைற் என்று வைத்துக்கொண்டால், பக்கத்தைத் திறந்துவைத்த ஒருவருக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 69 எம்.பி. ஒரு செய்திகூட வராத நாளிலும் இதே கணக்குத்தான். டேற்றா காட் போட்டு நாளை ஓட்டுகிற ஒருத்தியின் காசு, "இருக்கா?", "இல்லை" என்ற இரண்டு சொல்லுக்கே போய்ச் சேருது.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. செற்இன்ரேவல் முந்தின கேள்விக்குப் பதில் வந்ததா என்று பார்க்காது. சிக்னல் குறைந்து ஒரு பதில் வர ஐந்து செக்கன் எடுத்தால், அதற்குள் இன்னும் நாலு கேள்வி கிளம்பிவிடும். நெற் மெதுவாகும்போது கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து அதை இன்னும் மெதுவாக்கும். ஏற்கனவே தடுமாறுகிறவரின் முதுகில் மூட்டையை ஏற்றும் வேலை இது.

இரண்டாவது வழி, நீண்ட காத்திருப்பு. நீங்கள் போய்க் கேட்டதும் கடைக்காரர் "இல்லை" என்று அனுப்பாமல் "கொஞ்சம் நில்லுங்கோ, வந்ததும் சொல்லுறன்" என்கிறார். சேர்வர் உங்கட கோரிக்கையைப் பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்த கணமே பதிலாக அனுப்பும். வராவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வெறும் பதிலை அனுப்பும், நீங்கள் திரும்பவும் வந்து நிற்பீர்கள். எவ்வளவு நேரம் பிடித்து வைக்கலாம் என்பதற்கும் ஆவணம் இருக்கிறது. 2011 இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி 6202, 120 செக்கன்வரை வெற்றியாக ஓடிய பரிசோதனைகள் உண்டு, ஆனால் 30 செக்கன்தான் பொதுவாகப் பாதுகாப்பு என்கிறது. இடையில் இருக்கும் புறொக்சிகள் அதிக நேரம் சும்மா கிடக்கும் இணைப்பை வெட்டிவிடும் என்பதே காரணம். 30 செக்கனுக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 2,880 கோரிக்கை. மேலே போட்ட அதே கணக்கில் இது 2.3 எம்.பி அளவுதான். 69 எங்கே, 2.3 எங்கே?

ஆனால் எல்லாச் சிக்கலும் ஆரம்பிப்பதும் இங்கேதான். ஒரு கோரிக்கை கடையில் காத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது நீங்கள் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நிற்கிறவர் நிற்கட்டும், இன்னொருவரை அனுப்ப வேண்டும். ஆக, எச்.ரி.ரி.பி மேலே இருவழிப் பேச்சு என்றாலே ஒரே நேரத்தில் குறைந்தது இரண்டு கோரிக்கைகள். அவை இரண்டு வேறு இணைப்புகளில் போகும். முதலில் புறப்பட்டது முதலில் போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எங்கட "மூன்று மணிக்கு" போன இணைப்பில் ஒரு பொட்டலம் தொலைந்து திரும்ப அனுப்பப்பட்டிருக்கும். அதற்குள் "தள்ளிப்போச்சு" மற்ற இணைப்பால் ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்வரோ வந்து சேர்ந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினது. வரிசை மாறினது, அர்த்தமும் மாறினது.

இது புதுப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜிமெயிலுக்குள் அரட்டை வந்தது 2006 இல். இந்த வகை உத்திகளுக்கு அலெக்ஸ் ரசல் "கொமெற்" என்று பெயர் வைத்ததும் அதே ஆண்டில்தான். அதற்கும் முன்னே, 2004 இலேயே, ஜபர் அரட்டை முறையை எச்.ரி.ரி.பி மேல் ஓட்டுவதற்கு "பொஷ்" என்று பின்னர் அழைக்கப்பட்ட ஒரு நெறிமுறையை எழுதத் தொடங்கிவிட்டார்கள். அது யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய ஆவணம். அப்போதைய நிலைமை இன்றையதைவிட நெருக்கடியானது. 1999 இல் வந்த ஆர்.எஃப்.சி 2616, ஒரு சேர்வரோடு இரண்டுக்கு மேற்பட்ட இணைப்பை வைத்திருக்க வேண்டாம் என்று பிரவுசர்களுக்குச் சொல்லியிருந்தது. ஒன்று காத்து நிற்க, ஒன்று அனுப்ப. அவ்வளவுதான். இரண்டாவது ரப் திறந்தால் எல்லாம் உறைந்து நிற்கும்.

அந்த இரண்டு இணைப்புக்குள் அவர்கள் வைத்த விதிகளைப் பாருங்கோ. பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண். முதல் எண் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண்ணாக இருக்க வேண்டும், அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கூட வேண்டும். எண் 9007199254740991 ஐத் தாண்டக் கூடாது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அது 2 இன் 53 ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, ஜாவாஸ்கிரிப்ற் பிழையில்லாமல் எண்ணக்கூடிய முழு எண்ணின் எல்லை. சேர்வர் கோரிக்கைகளை வந்த வரிசையில் எடுக்காது, எண் வரிசையில்தான் எடுக்கும். 12 க்கு முதல் 13 வந்தால், 12 வரும்வரை 13 காத்திருக்கும். காத்து நிற்கும் கோரிக்கை ஒன்று இருக்கும்போது புதிய கோரிக்கை வந்தால், பழையதற்குப் பதில் கொடுத்து விட்டுவிடும். அதனால் ஒருபோதும் வரம்பு மீறிக் குவியாது. எத்தனை கோரிக்கை ஒரே நேரத்தில் நிற்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே இரு பக்கமும் பேசித் தீர்மானித்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி இது: சேர்வர் அண்மையில் அனுப்பிய பதில்களை எண்ணோடு சேர்த்து ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்து, பிரவுசர் அதே எண்ணோடு அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால், வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே திரும்பக் கொடுக்க வேண்டும்.

கருமபீடத்தில் நின்ற எங்கட நண்பனை இந்த விதி காப்பாற்றியிருக்கும். அவன் நிலைமையை யோசித்துப் பாருங்கோ. வட்டம் சுத்துது. நடந்திருக்கக்கூடியது இரண்டில் ஒன்று. கோரிக்கை போய்ச் சேராமல் விட்டிருக்கலாம். அல்லது போய்ச் சேர்ந்து, காசும் எடுபட்டு, பதில் மட்டும் திரும்பி வராமல் விட்டிருக்கலாம். பாவிப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். எந்தக் கெட்டிக்காரராலும் பிரித்தறிய முடியாது. அவன் செய்யக்கூடிய ஒரே நியாயமான காரியம் திரும்ப அமத்துவதுதான். அதைச் செய்ததுக்குத்தான் அவனைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

இப்ப மறுப்புகளுக்கு வருவோம். எங்களோடு கதைத்த நண்பர்கள் சொன்னவைதான்.

"ஒருக்கா அமத்தினவுடன பட்டனை முடக்கி விட்டால் சரிதானே?" சரியில்லை. பதில் வராமல் பட்டன் முடங்கிக் கிடந்தால் பாவிப்பவர் பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணுவார். பட்டன் திரும்ப உயிர் பெறும். பட்டனை முடக்குவது நல்ல பழக்கம், ஆனால் அது பூட்டு இல்லை, திரைச்சீலை. பூட்டு சேர்வரில்தான் இருக்க வேண்டும்.

"சேர்வரில ஏற்கனவே இருக்கா என்று பார்த்துவிட்டுத்தானே பதியிறம்?" இதுவும் போதாது. ஒரே கணத்தில் இரண்டு கோரிக்கை வந்தால் இரண்டும் "இருக்கா?" என்று பார்க்கும். இரண்டுக்கும் "இல்லை" என்றே பதில் கிடைக்கும். இரண்டும் பதியும். பார்ப்பதற்கும் பதிவதற்கும் இடையில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் காசு இரண்டு தரம் போகிறது. தீர்வு தரவுத்தளத்திலேயே இருக்கிறது. கோரிக்கையின் எண்ணுக்கு ஒரு தனித்துவக் கட்டுப்பாடு போடுங்கோ. இரண்டாவது வரவைத் தரவுத்தளமே மறுக்கும். மறுத்ததும் பிழைச் செய்தி காட்டாமல், முதலாவதின் பதிலை எடுத்துக் கொடுங்கோ. அந்த எண்ணை அனுப்புவதற்கு முன்பே, படிவம் திறக்கும்போதே, பிரவுசர் உருவாக்கி அந்தத் தொலைபேசியிலேயே சேமித்து வைக்கட்டும். ரிஃப்ரெஷ் பண்ணினாலும் அதே எண்தான் போக வேண்டும்.

"இதெல்லாம் பழங்கதை மச்சான். இப்ப வெப்சொக்கெற் இருக்குதானே?" இதைத்தான் அதிகம் கேட்டோம். ஓம், 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி 6455 வந்தது. ஒரே இணைப்பில் இரு பக்கமும் கதைக்கலாம். அந்த இணைப்பு உயிரோடு இருக்கும்வரை வரிசை மாறாது. பொஷ்ஷைவிட மெல்லிசு, வேகம். நாங்கள் மறுக்கவில்லை, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே பாவியுங்கோ. ஆனால் பஸ் ஒரு வளைவில் திரும்பி இணைப்பு அறுந்தால்? கடைசியாக அனுப்பிய மூன்று செய்தியில் எத்தனை போய்ச் சேர்ந்தது? வெப்சொக்கெற் சொல்லாது. பிரவுசரில் அது தானாகத் திரும்ப இணைவதும் இல்லை. திரும்ப இணைக்கும் கோட்டை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதியதும் எந்தச் செய்தியைத் திரும்ப அனுப்புவது, அனுப்பினால் இரட்டிக்குமா என்ற அதே பழைய கேள்வி வாசலில் வந்து நிற்கும். 2004 இல் பொஷ் தீர்த்த அதே கேள்வி.

"எச்.ரி.ரி.பி 2 வந்திட்டுதே?" வந்தது, 2015 இல். அதற்கு முன் பிரவுசர்கள் ஒரு சேர்வரோடு ஆறு இணைப்பு வரைதான் திறக்கும். ஏழாவது ரப்பில் அரட்டை உறைந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். எச்.ரி.ரி.பி 2 ஒரே இணைப்புக்குள் நூறு கோரிக்கையை ஒரே நேரத்தில் ஓடவிடும். நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் அந்த நூறும் எந்த வரிசையில் செய்து முடிக்கப்படும் என்று அது சொல்வதில்லை. ஒரே நேரத்தில் போகும் கோரிக்கைகள் கூடினால் வரிசையைக் கவனிக்கும் பொறுப்பும் கூடும்.

"சேர்வர் தாங்காது." இதில் பாதி உண்மை இருக்கிறது. காத்து நிற்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு முழுச் செயன்முறையை ஒதுக்கும் சேர்வரில் சில நூறு பேர் வந்து நின்றாலே கடை நிரம்பிவிடும். 1999 இலேயே டான் கேகல் என்பவர் பத்தாயிரம் இணைப்பை ஒரே சேர்வர் எப்படித் தாங்குவது என்று எழுதி விவாதத்தைக் கிளப்பினார். அந்த வழியில் வந்தவைதான் என்ஜின்எக்ஸ், நோட் ஜேஎஸ் எல்லாம். எங்கட ஆட்கள் பெரும்பாலும் பாவிக்கும் பி.எச்.பியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. செசனைத் திறந்த கோரிக்கை அதன் கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். காத்து நிற்கும் கோரிக்கை செசனைத் திறந்தபடியே நின்றால், அதே ஆள் அனுப்பும் அடுத்த கோரிக்கை அந்தப் பூட்டுக்கு வெளியே 30 செக்கன் நிற்கும். "சேர்வர் ஸ்லோ" என்று கூடுதல் காசு கட்டிப் பெரிய சேர்வர் வாங்கியவர்களை எங்களுக்குத் தெரியும். தேவைப்பட்டது காத்திருக்கத் தொடங்கும் முன் செசனை எழுதி மூடும் ஒரே ஒரு வரி.

கடைசி மறுப்பு, நாங்கள் அதிகம் வெறுப்பது: "சின்ன புரொஜெக்ற்தானே, எங்கட இடத்தில நல்லா வேலை செய்யுது." ஓம், உங்கட இடத்தில. சேர்வரும் பிரவுசரும் ஒரே மடிக்கணினியில் இருக்கும்போது கோரிக்கை போய் வர ஒரு கண் இமைப்பும் தேவையில்லை. இரண்டு கோரிக்கை ஒன்றோடொன்று மோத அங்கே வாய்ப்பே கிடைப்பதில்லை. ஃபைபர் இணைப்பில் சோதித்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். மோதல் நடப்பது மெதுவான இணைப்பில். அதனால் இந்தப் பிழை எழுதியவரின் கண்ணில் படுவதே இல்லை. சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவர், பழைய போன் வைத்திருப்பவர், பஸ்ஸில் போய்க்கொண்டு படிவம் நிரப்புகிறவர், இவர்களின் தலையில்தான் விழும். வசதி உள்ளவருக்கு வேலை செய்து, இல்லாதவரிடம் இரண்டு தரம் காசு பிடுங்குவது வெறும் தொழில்நுட்பக் குறைபாடு இல்லை. அது அநியாயம். யாரும் திட்டமிட்டுச் செய்யாத அநியாயம் என்பதால் யாரும் வெட்கப்படாமல் தொடர்கிறது.

எல்லாவற்றுக்கும் எண் போடச் சொல்லவில்லை. "எழுதிக்கொண்டிருக்கிறார்" என்ற குறி ஒன்று தொலைந்தால் ஒருவருக்கும் நட்டம் இல்லை. பொஷ்ஷை அப்படியே எடுத்துப் பாவிக்கவும் சொல்லவில்லை, அதன் எக்ஸ்.எம்.எல் பாரம் இன்றைக்குத் தேவையில்லை. ஆனால் காசு, விண்ணப்பம், மனிதர் மனிதருக்குச் சொல்லும் வார்த்தை, இந்த மூன்றும் போகும் பாதையில் மூன்று கேள்விக்குப் பதில் இல்லாமல் எதையும் வெளியிடாதேங்கோ. இரண்டு ஒரே நேரத்தில் வந்தால் என்ன நடக்கும்? பின்னால் அனுப்பியது முன்னால் வந்தால் என்ன நடக்கும்? பதில் தொலைந்து, அதே கோரிக்கை திரும்ப வந்தால் என்ன நடக்கும்?

பார்ப்பதற்குப் பெரிய வசதி எதுவும் தேவையில்லை. குரோமின் டெவலப்பர் கருவியில் நெற்வேர்க்கை வேண்டுமென்றே மெதுவாக்கும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, உங்கட பட்டனை நாலு தரம் அமத்துங்கோ. நடுவில் இணைப்பை வெட்டுங்கோ. பிறகு தரவுத்தளத்தைத் திறந்து எத்தனை வரி விழுந்திருக்கு என்று எண்ணுங்கோ. வகுப்பு எடுக்கிறவர்களிடமும் இதையே கேட்கிறோம். செற்இன்ரேவலைச் சொல்லித் தரும் அந்த மணித்தியாலத்தில் பதினைந்து நிமிசம் இதுக்கு ஒதுக்குங்கோ.

எங்கட அரட்டைப் பெட்டியைத் திருத்திவிட்டோம். ஒவ்வொரு செய்திக்கும் அனுப்புகிறவரின் போனிலேயே ஒரு தொடர் எண். சேர்வர் ஒவ்வொருவரின் செய்தியையும் அந்த எண் வரிசையில்தான் எடுக்கும். ஒரே எண் இரண்டாம் தரம் வந்தால் பழைய பதிலைக் கொடுக்கும். எல்லாம் சேர்த்து நாற்பது வரிகூட வராது, ஒரு பின்னேரம் போதும். அந்தப் பின்னேரத்தை முதலிலேயே செலவழித்திருந்தால் எங்கட தோழி ஒரு சனிக்கிழமையையும் பஸ் காசையும் இழந்திருக்கமாட்டா. அவவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டாச்சு. கருமபீடத்தில் இருந்தவர்கள் இன்னும் கேட்கேல்ல.